வாசகர் கேள்வி பதில்: திண்ணை வீட்டுக்கு யார் செலவு பண்றது?

கேள்வி: எங்க வீடு புதுச்சேரியில வைசியாள் தெருவுக்குப் பக்கத்துல, தாத்தா காலத்து வீடு. தெருப்பக்கம் தாழ்வாரம், திண்ணை, உள்ள முற்றம் எல்லாம் இருக்கு. பங்காளிங்க அஞ்சு பேர். மழை வந்தா மச்சு ஒழுகுது. ஒரு பில்டர் ஆளுக்கு ஒரு ஃபிளாட் தர்றேங்கிறார். பாரம்பரிய வீடு, இடிக்காதீங்கன்னு சொல்றவங்க யாரும் ஒரு பைசா தரல. என்ன பண்ணலாம்?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: உங்க கோவம் நியாயமானதுங்க. ஊருக்கே சொந்தம்னு சொல்ற ஒரு பொருளோட செலவ மட்டும் அஞ்சு பங்காளிங்க தலையில கட்டினா அது எந்த ஊரு நியாயம்?

1761ல இங்கிலீஷ்காரங்க புதுச்சேரிய இடிச்சுப் போட்டாங்க, ஊரு திரும்ப பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்ததும் 1765லேர்ந்து பிரெஞ்சுப் பக்கத்தையும் தமிழ்ப் பக்கத்தையும் பிரிக்கிற வாய்க்காலுக்கு கிழக்கயும் மேற்கயும் மறுபடி கட்டினாங்க, அதனால கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவரு மட்டும்தான் பாரம்பரியம்னு நினைக்கிறது ரொம்பத் தப்பு. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகைய போய் பாருங்க, கீழ நம்ம வீடு மாதிரி மரத்தூண், மாடியில பிரெஞ்சு பாணி தூணு. ரெண்டும் கலந்ததுதான் இந்த ஊரு. ஆனா காசு கலந்து வரல. 2014 நவம்பர் மழையில மேரி கட்டடம், அதாவது கடற்கரையில இருந்த பழைய நகராட்சி ஆபீஸ், இடிஞ்சு விழுந்துச்சு, உலக வங்கி உதவியில திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க. நல்ல வேலை, குறை சொல்லல. அதே மழைதானே உங்க மச்சு மேலயும் பெய்ஞ்சுது?

நம்ம பக்கமும் நடக்க முடியும்ங்கிறதுக்கு உங்க பக்கத்து வைசியாள் தெருவே சாட்சி. 2002ல ஐரோப்பிய யூனியன் பணத்துல ஆசியா அர்ப்ஸ்னு ஒரு திட்டம், பாரம்பரியக் கட்டடங்கள காப்பாத்துற இன்டாக் அமைப்புக்காரங்க கூட இருந்து, வீட்டுக்காரங்க ஒரு பங்கு திட்டம் ஒரு பங்குன்னு போட்டு தாழ்வாரம், முகப்பெல்லாம் சரி பண்ணாங்க, 2008ல யுனெஸ்கோ விருது கூட கிடைச்சுது. அது ஊரு முழுக்கப் பரவலைங்கிறதுதான் வருத்தம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, மச்சு மேல சிமெண்ட் மட்டும் பூசிடாதீங்க ப்ளீஸ்! உங்களுது மெட்ராஸ் டெரஸ், மரக்கட்டை மேல செங்கல்ல குத்துக்கல்லா சுண்ணாம்புல அடுக்கி அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்டு தட்டோடு பதிச்சது, அது மூச்சு விடணும். சிமெண்ட் போட்டா ஈரம் உள்ளயே தங்கி கட்டை உளுத்துடும், எங்க சித்தி வீட்டுல அப்படித்தான் ஒரு ரூமே போச்சு. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார தேடிப் பிடிங்க, இன்டாக் ஆபீஸ்ல கேட்டா வழி சொல்லுவாங்க.

இன்னொண்ணு, மும்பையில 1995 பாரம்பரிய விதிகள்லயே ஒரு வழி வச்சாங்க. அரசு போடுற பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற வீட்டு மேல கட்ட முடியாமப் போற மாடிகளோட உரிமைய வேற இடத்துல கட்டுறவங்களுக்கு வித்துக்கலாம். டிடிஆர்னு சொல்லுவாங்க. இங்கயும் அப்படி ஒரு வழி இருந்தா அந்தக் காச அஞ்சு பேரும் பிரிச்சுக்கலாம், வீடும் நிக்கும். பட்டியல் போடுற அன்னைக்கே இந்த மாதிரி ஒரு வழியும் கையில குடுக்கணும்ங்கிறது என் கருத்து.

கேள்வி: நாங்க வாடகைக்கு இருந்த பழைய வீட்ட புதுப்பிச்சு கெஸ்ட் ஹவுஸ் ஆக்கிட்டாங்க. வீடு பொழைச்சுது, நாங்க ஊருக்கு வெளிய வந்துட்டோம். இதுவும் பாதுகாப்பு தானா?
(ஒரு வாசகி, வில்லியனூர்)

பதில்: இல்லம்மா, சுவரு மட்டும்தான் பொழைச்சிருக்கு.

மலேசியாவுல பினாங்கு ஜார்ஜ் டவுன்ல இது பெரிய அளவுல நடந்துச்சு. நம்ம ஆளுங்க சூலியா தெருவும் லிட்டில் இந்தியாவும் இருக்கிற அதே ஊர்தான். அங்க பழைய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்துச்சு, 2000 ஜனவரியோட எடுத்துட்டாங்க. வாடகை ஏறினதும் தலைமுறை தலைமுறையா கீழ கடையும் மேல குடித்தனமுமா இருந்தவங்க கிளம்ப வேண்டியதாப் போச்சு. 2008ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த பிறகு ஹோட்டலும் காபி ஷாப்பும் வந்து இன்னும் பேர் போயிட்டாங்க. அதனால அரசு பணமோ வரிச்சலுகையோ வாங்கி ஒரு வீட்ட சரி பண்ணா, அங்க ஏற்கனவே குடி இருந்தவங்கள இத்தனை வருஷத்துக்கு பழைய வாடகையிலயே வச்சுக்கணும்னு பத்திரத்துலயே எழுதி வாங்கணும். காசு கொடுக்கிறப்ப கேக்காத நிபந்தனைய அப்புறம் கேக்க முடியாது.

கேள்வி: வைத்திக்குப்பம் மாசி மகம் பாரம்பரியத்துல சேருமா, கட்டடம் மட்டும்தானா?
(ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: கண்டிப்பா சேரும் தம்பி. மயிலம் முருகன்லேர்ந்து எத்தனையோ ஊரு சாமிங்க தீர்த்தவாரிக்கு அந்தக் கடற்கரைக்குத்தான் வருது. சாமி வர்ற வழி, இறங்குற மணலு, வலை காய வைக்கிற இடம் எல்லாத்தையும் மேப்புல குறிச்சாத்தான் ரோடு போடுறப்பவும் கடற்கரைய அழகு பண்றப்பவும் அதுக்கு இடம் விடுவாங்க. உங்க காலேஜ் பசங்க நாலு பேரு குப்பத்துப் பெரியவங்களோட உக்காந்து அந்த மேப்ப வரைங்க, வரைஞ்சதும் எனக்கு அனுப்புங்க, இதே பக்கத்துல போடுறேன்.