அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர், அதே குறைபாடு உள்ள இன்னொருவருக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா? எப்படிப் பயிற்சி கொடுப்பது?

தாராளமாக முடியும். கடலூரில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் சிறப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் 18 வயதைத் தாண்டியவர்கள். காகிதக் கவர் ஒட்டுவார்கள், கால்மிதி நெய்வார்கள். அவர்களிலிருந்தே நான்கு பேரை வழிகாட்டிகளாக்கினோம். நீங்கள் புதுச்சேரியில் பன்னிரண்டு பேரை வைத்து மையம் நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நாங்கள் சறுக்கிய இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் தடவை நன்றாகப் பேசுகிறவர்களாகப் பார்த்து எடுத்தோம். 'சக வழிகாட்டி' என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டினோம். (ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அட்டைக் காசு தண்டம்.) இரண்டே வாரத்தில் நான்கு குட்டி டீச்சர்கள் கிளம்பிவிட்டார்கள். "கையக் கட்டு", "எத்தன தடவ சொல்றது?" ஒரு பெண், போடாத கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு முறைத்தாள். அது நான்தான். மற்ற ஆசிரியைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது. சின்ன வயதிலிருந்து உதவி என்ற பெயரில் அவர்கள் பார்த்தது அதைத்தானே? அடுத்த ஒரு மாதம் பயிற்சி எங்களுக்குத்தான் நடந்தது.

இரண்டாம் தடவை எடுத்தவர்களில் ஒருவருக்கு முப்பது வயது. அதிகம் பேசமாட்டார். ஒருமுறை பாண்டி பஸ் என்று நினைத்துத் தெற்கே போகிற வண்டியில் ஏறி, சிதம்பரத்தில் போய் இறங்கியவர். சட்டைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்து நடத்துநர் எங்களுக்குப் போன் செய்தார். புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையை முதலில் சொல்லிவிடுவார்: "நான் சிதம்பரம் போயிட்டேன். அழுதேன். அப்புறம் வந்துட்டேன்." நான் வரைந்து தொங்கவிட்ட படங்களைவிட இந்த மூன்று வரி நன்றாக வேலை செய்தது.

அவரிடம் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு தம்பியை ஒப்படைத்தோம். பத்தொன்பது வயது, தனியாக பஸ்ஸில் போய்வர வேண்டும். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி டீ குடித்துவிட்டான். 15 ரூபாய் கொடுக்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளும் சில்லறையும். டீக்கடைக்காரர் இருவரில் பெரியவரான நம் வழிகாட்டியிடம் கை நீட்டினார். இவர் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, தாடையால் தம்பியைக் காட்டினார். தம்பி பத்தைக் கொடுத்தான், ஒரு நாணயத்தை எடுத்தான், திரும்ப உள்ளங்கையில் வைத்தான், பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை, அவர்கள் பக்கத்தில் ஓடினேன். "இருங்க மிஸ், அவன் எண்றான்" என்றார். கையைப் பைக்குள் வைத்துக்கொள்வது பயிற்சியில் சொன்னதுதான். அதை எனக்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, பயிற்சி. ஒரு வகுப்பு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு வாரத்துக்கு ஒரே விஷயம். அறையில் பழகியது தெருவுக்குத் தானாக வந்துவிடாது. கடையில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை என்று இடம் மாற்றிச் செய்துபார்க்க வேண்டும். வகுப்பில் நடித்துப் பழகும்போது தப்பான வழிகாட்டியாக நீங்களே நடியுங்கள். டீச்சர் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு குஷி.

கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் நாள் பிடித்தது. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "டீயா, பாலா?" என்று கேட்டால் சிலர் கடைசியாகக் காதில் விழுந்ததையே சொல்வார்கள். அதனால் கொஞ்ச நேரம் கழித்து "பாலா, டீயா?" என்று மாற்றிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் "எது, தொட்டுக் காட்டு" என்று விட வேண்டும்.

அடுத்தவர் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பதும் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. யாராவது தொட்டால் மறைக்காமல் சொல் என்று வருஷக்கணக்காகச் சொல்லி வளர்த்திருக்கிறோம். இப்போது 'ரகசியம் காப்பாற்று' என்றால் குழம்பத்தானே செய்வார்கள்? ஒரு பெண் யார் யாரை விரும்புகிறார்கள் என்பதுவரை என்னிடம் ஒப்பித்துவிட்டாள், பெரிய சண்டை. கடைசியில் நான்கு படம் வரைந்தோம்: அடி, தப்பான தொடுதல், வலிப்பு, ஆளைக் காணோம். இந்த நான்கும் உடனே மிஸ்ஸிடம் வரவேண்டும். மற்றது எல்லாம் அந்த நண்பருடைய சொந்த விஷயம்.

காசு கொடுங்கள். "இவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று நிர்வாகத்திலும் கேட்டார்கள், பெற்றோரும் கேட்டார்கள். மாதாமாதம் சிறு தொகைதான், ஆனால் கையெழுத்தோ கைரேகையோ வைத்து அவர்களே வாங்குகிறார்கள். சக மனிதர் தரும் ஆதரவையும் சேர்த்தே மறுவாழ்வு தரவேண்டும் என்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா 2007-லேயே அதை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் அதையொட்டி வந்ததுதான். இதைத் தாளில் அச்சிட்டு மேசைமேல் வைத்த பிறகு பேச்சு அடங்கியது.

நீங்கள் இரண்டு ஜோடியோடு தொடங்கினால் போதும். சிதம்பரம் போய் இறங்கிய அந்த வழிகாட்டிக்கு இன்றும் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. நடத்துநரிடம் ஒருமுறை, உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் ஒருமுறை, "பாண்டி போகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். நாங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை. தம்பியும் இப்போது இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறான்.