கணினிக் கேள்வி–பதில்: எழுத்துரு இறக்கப் போனவரும் ‘நான் ரோபோ அல்ல’ என்றவரும்

வினாத்தாள் தட்டச்சுக்காகப் பாமினி எழுத்துருவைத் தேடி இறக்கினேன். அன்றிலிருந்து உலாவியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரங்கள். எழுத்துருவிலும் வைரஸ் வருமா?
– ஆசிரியை, மாங்குளம்

நீங்கள் இறக்கியது எழுத்துருவாக இராது, ரீச்சர். எழுத்துருக் கோப்பின் பெயர் ரி.ரி.எஃப் அல்லது ஓ.ரி.எஃப் என்று முடியும். இ.எக்ஸ்.இ என்று முடிந்தால் அது நிரல். இரண்டு முறை சொடுக்கினால் ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸ் இந்த வால் எழுத்துகளை வழக்கமாக மறைத்துவைப்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். அன்றைய தினம் நிறுவப்பட்ட நிரல்களையும், உலாவியில் நீங்கள் சேர்க்காத நீட்சிகளையும் (உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரல்கள்) அகற்றுங்கள். பிறகு விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பான் டிபென்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓடவிடுங்கள். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தேடலே வேண்டாம்; நிர்மலா எழுத்துரு விண்டோஸுடனேயே வருகிறது. பாமினியில்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

கடந்தகால வினாத்தாள் தேடிய தளம், நான் ரோபோ அல்ல என்று காட்ட விண்டோஸ் விசையுடன் ஆர், கண்ட்ரோலுடன் வி, பிறகு என்டர் அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.
– மாணவன், புதுக்குடியிருப்பு

நடந்துவிட்டது, தம்பி. அந்தப் பக்கம் ஒரு கட்டளையை ஓசையின்றி நகலெடுத்து வைத்தது. விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தினால் திறக்கும் கட்டளைப் பெட்டியில் அதை ஒட்டி ஓடவிட்டது நீங்கள். வாசற்காவலுக்கு உலாவி நின்றும் பயனில்லை, கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டீர்கள். 2024 முதல் பரவலாகக் காணப்படும் தந்திரம் இது. சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரலே பெரும்பாலும் இப்படி இறங்குகிறது. உடனே இணைப்பைத் துண்டியுங்கள். வீட்டிலுள்ள வேறொரு கைத்தொலைபேசியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் அந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். பாடக் குறிப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு விண்டோஸை மீண்டும் நிறுவிவிடுங்கள். சோதனை ஓடவிட்டு ‘சுத்தம்’ என்று வந்தாலும் நான் அப்படித்தான் செய்வேன்.

முகவரியில் பூட்டுப் படம் இருந்தால் தளத்தை நம்பலாமா?
– வவுனியா

கூடாது. உங்களுக்கும் தளத்துக்கும் இடையே போவதை வழியில் எவரும் வாசிக்க முடியாது என்பதே அதன் பொருள். கள்ளனும் தன் வீட்டைப் பூட்டுவான். குரோம் 2023இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

டேட்டா தீர்ந்துவிடும் என்று அப்டேற்றை நிறுத்தியிருக்கிறோம். பார்ப்பது நம்பகமான செய்தித்தளங்களை மட்டும். விண்டோஸ் 10தான்.
– கிளிநொச்சி

செய்தி நம்பகமானதுதான், பக்கத்திலுள்ள விளம்பரம் வேறெங்கிருந்தோ வருகிறது. நல்ல தளத்தையே உடைத்து நச்சுநிரல் செருகுவதும் உண்டு. உலாவி பழையதென்றால் எதையும் சொடுக்காமலே அது நுழையலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. ஆதரவு நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தவர்களுக்கே அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள். முதலில் உலாவியைப் புதுப்பித்து, நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேருங்கள். டேட்டாவும் மிஞ்சும்.