பத்திரத்தில் பாதி, கடனில் முழுவதும்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து கோரவிருக்கிறோம். பெருங்களத்தூரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீடும் அதன் வங்கிக் கடனும் இருவர் பெயரிலும் உள்ளன. நான் ஜீவனாம்சம் கேட்காவிட்டால் தன் பாதியை எனக்கு எழுதித் தருவதாக அவர் சொல்கிறார். மாதத் தவணையோ என் சம்பளத்தில் பாதி. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வெளியேறினால் உரிமை போய்விடும் என்கிறார் அம்மா. வீட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கிரயப் பத்திரத்தில் பெயர் இருக்கும்வரை, நீங்கள் எங்கே குடியிருந்தாலும் உங்கள் பங்கு உங்களுடையதே. அம்மாவின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. பத்திரத்தில் பெயரே இல்லாத பெண்களுக்கு அந்த வீட்டுக்குள் இருப்பது ஒன்றுதான் பிடிமானமாக இருந்தது. அவர்களை மனத்தில் வைத்தே 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தந்தது. மாமனார் பெயரிலுள்ள வீட்டுக்கும் அது பொருந்தலாம் என 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் வசிக்கும் உரிமை சொத்துரிமை ஆகாது. மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் சரிபாதி என்ற விதி இந்துத் திருமணச் சட்டத்தில் இல்லை.

எனக்குக் கவலை தருவது கடன்தான். நீங்கள் இருவரும் நீதிமன்றத்தில் செய்துகொள்ளும் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் எவரிடமும் முழுத்தொகையையும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. உங்கள் சம்பளத்தை மட்டும் நம்பி உங்கள் கணவரைக் கடனிலிருந்து விடுவிக்க வங்கி மறுத்தால், வீடு உங்களுடையதாகவும் கடன் இருவருடையதாகவும் நீடிக்கும். பிரிந்த பின்னும் ஒவ்வொரு தவணைக்கும் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்க நேரும்.

அவர் தருவதன் மதிப்பையும் கணக்கிடுங்கள். வீடு 60 லட்சம் பெறும், கடன் 40 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொண்டால், அவர் விட்டுத்தருவது 30 லட்சமன்று, 10 லட்சம். அதற்காக ஆயுள் முழுவதற்குமான ஜீவனாம்சத்தைத் துறப்பது பெரிய விலை. மகளுக்கான பராமரிப்புத் தொகை இந்தப் பேரத்தில் வரவே கூடாது. அவளுடைய உரிமையைத் துறக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

வங்கி சம்மதிக்காவிட்டால் விற்றுவிடுங்கள் என்பதே என் கருத்து. பள்ளிக்கு அருகே வாடகைக்குக் குடியேறுவதில் குறைவொன்றும் இல்லை. குழந்தைக்குப் பழகிய வீடு வேண்டும் என்று சொல்லிப் பாதிச் சம்பளத்தைத் தவணைக்குக் கொடுக்கும் தாய், அவளுடைய கல்லூரிச் செலவுக்குக் கடன் தேடி அலைய நேரலாம். வங்கி சம்மதித்தால், அதை எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பந்த நிபந்தனைகளை எழுதுங்கள். அவர் தன் பங்கை விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தை விவாகரத்துக்கு முன் பதிவதா, பின் பதிவதா என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத்தீர்வைச் சலுகை அதைப் பொறுத்து மாறக்கூடும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் இடையே சட்டம் வைத்துள்ள ஆறு மாதங்களை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. வங்கி வேலை முடியாத நிலையில் அந்தத் தளர்வைக் கேட்க வேண்டாம்.