ஏர் ரைபிளில் குண்டுகள் சிதறுவது துப்பாக்கியின் குறையா?

பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகத் தொடங்கி இரண்டு மாதமாகியும் குண்டுகள் சிதறி விழுகின்றன, துப்பாக்கியை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், துப்பாக்கியை மேசைமேல் மணல்மூட்டையில் அசையாமல் வைத்து ஐந்து குண்டுகள் சுட்டுப் பாருங்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒரே துளையில் விழுந்தால், கோளாறு துப்பாக்கியில் இல்லை.

இவ்வகைத் துப்பாக்கியின் குழலுக்குள் திருகுபோலச் சுற்றிச் செல்லும் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. இதில் சுடும் குண்டான 4.5 மி.மீ. ஈயப் பெல்லட்டின் பின்பகுதி பாவாடைபோல் உட்குழிந்திருப்பதால், அழுத்தப்பட்ட காற்று அதை விரித்து அப்பள்ளங்களில் பதிய வைக்கிறது. பெல்லட் பம்பரம்போலச் சுழன்றபடி வெளியேறுவதால்தான் திசை மாறாமல் செல்கிறது. விசை (ட்ரிகர்) விடுபட்ட பிறகும் பெல்லட் சில மில்லி நொடிகள் குழலுக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 'சுட்டாயிற்று' என்று உடனே தலையை நிமிர்த்தினால், அந்த அசைவும் குண்டோடு சேர்ந்தே இலக்குக்குப் போகும்.

பிழை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும் என்பதற்கு ஒரு கணக்கு: குறி பார்க்க உதவும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. இருப்பதாகக் கொண்டால், அவற்றின் நேர்கோடு 0.2 மி.மீ. விலகினாலே பத்து மீட்டரில் குண்டு 2.5 மி.மீ. தள்ளி விழும், அது முழுதாக ஒரு புள்ளி இழப்பு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது கடைசியாகச் சுட்டது 10.8 புள்ளி, அதாவது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள்.

ஆகவே, நிற்கும் நிலைக்கே முதலிடம் கொடுங்கள். வலக்கைக்காரர் என்றால், இடது முழங்கை இடுப்பெலும்பின்மேல் தங்க வேண்டும். துப்பாக்கியின் எடையைத் தசை சுமக்கக் கூடாது, எலும்பே சுமக்க வேண்டும். குறி பார்த்தபின் கண்களை மூடி, இரண்டு முறை மூச்சுவிட்டுத் திறந்து பாருங்கள். சைட் கருவட்டத்தை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாமல், பாதங்களைச் சற்று நகர்த்துங்கள். கையால் இழுத்து நிறுத்திய குறி, விசையை அழுத்தும் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். (சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் எனக்கு இதைவிடப் பலன் தந்தது வேறொன்றுமில்லை.)

மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்துங்கள். எட்டுப் பத்து நொடிகளுக்குள் சுட முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். விசையை வெடுக்கென இழுக்காமல், விரல்நுனியால் நேர் பின்னோக்கி மெல்ல அழுத்துங்கள். விரல் விசைக்குப் போவது, குழல் இலக்கை நோக்கியிருக்கும்போது மட்டுமே.

சைட் திருகைத் தொடுவது கடைசி வேலை. ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு குண்டுக்கும் அதைத் திருப்பி, குண்டின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்து குண்டுகள் ஓரிடத்தில் திரளும்வரை அதைத் தொடாதீர்கள். திரள் இடப்பக்கம் விழுந்தால் பின் சைட்டை வலப்பக்கமும், கீழே விழுந்தால் மேலேயும் நகர்த்துங்கள்.