டொராண்டோவில் வீட்டுத் தார்ப்பாதையில் விரிசல்: நாமே அடைக்கலாமா?

கார் நிறுத்தும் தார்ப்பாதையில் பென்சில் நுழையும் அளவு விரிசல், குளிர்காலத்துக்கு முன் நானே அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. உள்ளே இறங்கும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஒவ்வொரு உறைபனிக்கும் விரிசல் அகலும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். 10 டிகிரி செல்சியசுக்கு மேல், மழையில்லாத நாளாகப் பாருங்கள்.

பாதி வேலை சுத்தம் செய்வதுதான். புல்லை வேரோடு பிடுங்கி, ஸ்க்ரூடிரைவரால் மண்ணைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஊதிவிடுங்கள். தூசி இருந்தால் ஃபில்லர் (விரிசலை அடைக்க ஊற்றும் கலவை) ஒட்டாது, தோல் மாதிரி உரிந்து வரும். ஆழமான விரிசல் என்றால் முதலில் மணலைத் திணித்து, மேலே அரை அங்குலம் விட்டு, அப்புறம் ஃபில்லரை ஊற்றுங்கள். காய்ந்து கீழே இறங்கினால் இன்னொரு முறை. ஒரு நாள் காரை ஏற்ற வேண்டாம்.

முதலைத்தோல் போல வலைவலையாக வெடித்திருந்தால் அடித்தளமே போய்விட்டது என்று அர்த்தம்; அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.