படகை இழுத்துப் போய் இறக்குவதில் வரும் வம்புகள்: கேள்வி பதில்

சின்ன மீன்பிடிப் படகை டிரெய்லரில் இழுத்துப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இதில் பாதித் தவறுகளை நானே செய்திருக்கிறேன், அதனால் யாரைப் பார்த்தும் சிரிக்கப் போவதில்லை.

கேள்வி: படகை இறக்கிய பத்து நிமிடத்தில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். பின்பக்க வடிகால் துளையை அடைக்கும் பிளக்கை மாட்டவே இல்லை! அப்போது என்ன செய்திருக்க வேண்டும்?

உள்ளிருந்து கை எட்டினால் துளையை அடைத்துவிட்டு பம்பை ஓட விடுங்கள். எட்டாவிட்டால் படகை மறுபடி டிரெய்லரில் ஏற்றி, துளை தண்ணீருக்கு மேலே வரும் அளவுக்கு மட்டும் இழுத்து நிறுத்தி, வடிய விடுங்கள். அவசரப்பட்டு ஒரே இழுப்பில் மேலே கொண்டு போகாதீர்கள். உள்ளே 300 லிட்டர் இருந்தால் 300 கிலோ கூடுதல் சுமை; வின்ச் (படகை டிரெய்லர் மேல் இழுக்கும் கைச்சுழல் கருவி) பட்டையும் டிரெய்லர் அச்சும் அதற்காகச் செய்தவை அல்ல.

சிலர் பிளக்கை மோட்டார் சாவியோடு கட்டி வைப்பார்கள். சாவியைத் தேடும்போது படகு ஏற்கெனவே தண்ணீரில் இருக்குமே! நான் வின்ச் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுகிறேன். அதைத் தொடாமல் படகை இறக்க முடியாது.

கேள்வி: அண்ணா, வேகம் கூடினால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிகிறது. டயர்தான் காரணமா?

டயரில் காற்று குறைந்தாலும் நெளியும். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எடையை. மோட்டார், பெட்ரோல் டேங்க், ஐஸ் பெட்டி எல்லாமே பின்னால் இருந்தால் முன்பக்கம் லேசாகிவிடும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்கட்டும். உங்கள் கார் கையேட்டில் உள்ள வரம்பை மட்டும் தாண்டாதீர்கள். சாமான்களை முன்னால் நகர்த்திப் பாருங்கள். ஓடும்போது நெளிய ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். அதோடு சண்டை போட்டால் நெளிவு கூடும்.

கேள்வி: சக்கரத்தைக் கழற்றினால் கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருக்கிறது. சீல் புதிதாகத்தானே போட்டேன்?

வெளுத்த கிரீஸ் என்றால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. நெடுந்தூரம் ஓடியதும் சக்கரக் குடமும் அதனுள் இருக்கும் காற்றும் சூடாகின்றன. அதே சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது. புது சீலும் இதற்குத் தப்பாது. பிறகு துரு, அப்புறம் ஒருநாள் நடுவழியில் புகை. எனக்கு அது நடந்தது நள்ளிரவில்.

அதனால் கரைக்குப் போனதும் டிரெய்லரை ஓரமாக நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டால் சூடே தெரியாத வரை காத்திருந்து, அந்த நேரத்தில் பிளக், கயிறு, தூண்டில் வேலைகளை முடியுங்கள். டிரெய்லர் விளக்கின் ஒயரையும் அப்போதே கழற்றுங்கள். இப்போதைக்கு பேரிங்கை முழுக்கத் துடைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். மேலே புது கிரீஸைப் பூசி ஏமாற்ற முடியாது.

கேள்வி: பின்னால் எடுக்கும்போது டிரெய்லர் எப்போதும் எதிர்ப்பக்கம் போகிறது.

ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும். கோணல் முற்றிவிட்டால் திருத்தப் பார்க்காமல் முன்னால் போய் நேராக்குங்கள். காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகினால் போதும்.

கேள்வி: சாய்தளத்தின் மேலேயே வின்ச் கொக்கியைக் கழற்றினேன். படகு உருளைகளில் வழுக்கிக் கான்கிரீட்டில் விழுந்தது.

வின்ச் கொக்கியும் பாதுகாப்புச் சங்கிலியும் படகு தண்ணீரில் மிதக்கும் வரை மாட்டியே இருக்கட்டும். மேலேயே கழற்ற வேண்டியது பின்பக்கப் பட்டைகளைத்தான். நான் ஒருமுறை இதைத் தலைகீழாகச் செய்தேன்: படகு மிதக்கப் பார்க்கிறது, பட்டை விடவில்லை, டிரெய்லரும் சேர்ந்து மேலே எழும்புகிறது. கரையில் நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

கேள்வி: டிரெய்லர் காரிலிருந்து கழன்றுவிட்டது. பூட்டு சரியாகத்தான் விழுந்தது சார்.

பூட்டு விழுந்ததை நம்பாதீர்கள். டிரெய்லர் முனையில் இருக்கும் 2 அங்குலக் கப்ளர் (கவ்விப் பூட்டும் பகுதி), காரின் கொக்கியில் உள்ள 1⅞ அங்குல உருண்டையிலும் பூட்டிக்கொள்ளும், மேடு பள்ளத்தில் கழன்றும் வரும். உருண்டையிலும் கப்ளரிலும் பொறித்திருக்கும் அளவைப் படித்துப் பாருங்கள். பூட்டியதும் டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுற்றி உயர்த்துங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால்தான் பிடித்திருக்கிறது. சங்கிலிகளைக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் முன்தண்டு சாலையில் குத்தாமல் அவற்றின் மேல் தங்கும்.