விவசாயியாக இருந்து மாநில அரசியலுக்கு வந்த அமெரிக்கர்களில் யாரைப் பற்றிப் படிக்கலாம்?

லியோனிடாஸ் போல்க். 1837-ல் வட கரோலைனாவின் ஆன்சன் மாவட்டத்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, சொத்தாக வந்த நிலத்தில் விவசாயம் பார்த்தவர். 1860-ல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அப்புறம் உள்நாட்டுப் போர். தென்மாநிலப் படையில் இருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது உர விஷயத்தில்தான். 1877-ல் மாநிலத்தின் முதல் வேளாண்மை ஆணையர் ஆனார். அந்தக் காலத்துப் பருத்தி விவசாயி, விளையப்போகும் பயிரைக் கடைக்காரரிடம் அடமானம் வைத்துத்தான் உரம் வாங்குவார். மூட்டைக்குள் சத்து இருக்கிறதா, வெறும் மண்ணா என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. போலி உரம் என்றால் விளைச்சலும் போச்சு, கடனும் தலைமேல் நிற்கும். புதிய சட்டம் ஒவ்வொரு உர பிராண்டுக்கும் 500 டாலர் வரி போட்டது. அந்தப் பணத்தில் சேப்பல் ஹில்லில் ஆய்வு நிலையம் அமைத்து, வேதியியலாளரை வைத்து உரங்களைச் சோதித்தார்கள். பெரிய பேச்சு எதுவும் இல்லாமல் நேராக வயலுக்குப் போய்ச் சேர்ந்த அரசியல் இது.

1886-ல் ‘புரோகிரசிவ் ஃபார்மர்’ பத்திரிகையைத் தொடங்கினார். வேளாண் கல்விக்கென்று வந்த ஒன்றிய அரசு நிதி சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. விவசாயிகளுக்குத் தனிக் கல்லூரி வேண்டும் என்று எழுதி, கூட்டம் போட்டு, விடாமல் நின்றார். 1887-ல் சட்டமன்றம் இசைந்தது. இன்றைய வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம் அதுதான்.

1889-ல் தேசிய விவசாயிகள் கூட்டணியின் தலைவரானார். அரசுக் கிடங்கில் விளைபொருளை வைத்தால் அதன் மதிப்பில் 80 சதவீதம் வரை 1 சதவீத வட்டிக்குக் கடன் வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை.

சரி, குறையையும் சொல்லியாக வேண்டும். அவர் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். கூட்டணியில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். கறுப்பின விவசாயிகளுக்கு வேறு சங்கம். 1891-ல் பருத்தி எடுக்கும் தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்ய அந்தச் சங்கத்தின் தலைமை அழைத்தபோது போல்க் எதிர்த்தார். கடனில் சிக்கியவரின் கஷ்டம் அத்தனை தெரிந்தவர் இதைச் செய்தார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1892-ல், விவசாயிகள் இயக்கத்திலிருந்து உருவான மக்கள் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக அவர் பெயர்தான் முன்னணியில் இருந்தது. மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஜூன் 11 அன்று வாஷிங்டனில் காலமானார். அவருக்குப் பதில் நின்ற ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார்.